எதிர்ப்பு சக்தி கூடவில்லை, அணுக்கள் இடம் மாறின

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வந்த, மூளைக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் உள்ள தொடர்பு பற்றிய கட்டுரை குறித்து எழுதுகிறோம். தமிழில் அதிகம் பேர் தொடாத விஷயத்தைத் தொட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கும் வாக்கியமே பிசகிவிட்டது. மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியதும் சில நிமிடங்களில் எலிகளின் "எதிர்ப்பு சக்தி பல மடங்கு அதிகரித்தது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த எலிகளின் ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கைதான் கூடியது. அதே நிமிடங்களில் இன்னொரு வகை குறைந்தது. அது கட்டுரையில் இல்லை.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கார் நெல் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். திருநெல்வேலியில் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. அதைப் பார்த்து மழை பெய்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இங்கே ஏறிய அளவு அங்கே அணையில் இறங்கியிருக்கும். ரத்தக்குழாயை ஆறு என்று வைத்துக்கொண்டால் எலும்பு மஜ்ஜையும் மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் அணையும் குளமும். லேபில் ஊசி குத்தி எடுக்கும் 2 மில்லி ரத்தம், பாலத்தடியில் ஒரு வாளி மொண்ட தண்ணீர்.

அந்த வாளியில் வருவது எவ்வளவு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் (வைரஸோடு சண்டை போடும் வெள்ளை அணு வகை) எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுவது ஏறக்குறைய 2 சதவீதம்தான். மிச்சம் எல்லாம் திசுக்களில். காயத்துக்கு முதலில் போய்ச் சேரும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபிலின் கதை வேறு. குழாய்க்குள் வந்துவிட்டவற்றிலேயே சுமார் பாதி ஓட்டத்தோடு போகாமல் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கரையோரம் ஒதுங்கிய அமலைச்செடி மாதிரி. அட்ரினலின் ஒரு தட்டு தட்டினால் அவை கழன்று நடு ஓட்டத்துக்கு வந்துவிடும். கவுண்ட் (எண்ணிக்கை) ஏறும். புதிதாக ஓர் அணுகூட உற்பத்தியாகியிருக்காது. மஜ்ஜையில் ஒரு நியூட்ரோஃபில் தாய் அணுவிலிருந்து முதிர்ந்து வெளியே வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அரை மணி நேரத்தில் ஏறிய கவுண்ட்டை "வளர்ச்சி" என்று எழுதக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

தாங்கள் குறிப்பிட்ட ஆய்வு 2022இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த குழு செய்தது. சுண்டெலியை அசைய முடியாதபடி ஒரு குழலுக்குள் அடைத்து வைத்தார்கள். நிமிடங்களில் வெள்ளை அணுக்கள் இடம் மாறத் தொடங்கின. நியூட்ரோஃபில்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து திசுக்களுக்கும் போயின. லிம்போசைட்டுகளும், மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும் எதிர்த் திசையில், ரத்தத்தையும் நிணநீர் உறுப்புகளையும் விட்டு மஜ்ஜைக்குள் ஒதுங்கின.

இந்த இரண்டு நகர்வுக்கும் இரண்டு தனித்தனிக் கம்பிகள். அந்த ஆய்வின் சிறப்பே அதுதான். முதலாவது, உடலை அசைக்க உத்தரவிடும் இயக்கப் புறணியிலிருந்து போகிறது. அந்தப் பகுதியை மட்டும் ஒளியால் தூண்டியபோது எலும்புத் தசைகள் சிஎக்ஸ்சிஎல்1 என்ற வேதிச் சைகையை வெளிவிட்டன; அதைக் கேட்டு நியூட்ரோஃபில்கள் கிளம்பின. இரண்டாவது, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் பாராவென்ட்ரிக்குலர் என்ற நரம்புத் திரளில் தொடங்கி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வரை போகும் பழைய பாதை. அங்கே சுரக்கும் ஸ்டீராய்டுதான் லிம்போசைட்டுகளையும் மோனோசைட்டுகளையும் மஜ்ஜைக்கு அனுப்புகிறது. ஓடத் தயாராகும் தசை, காயத்துக்கு முதலில் போய்ச் சேரும் அணுவையும் கூடவே எழுப்பிவிடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. இப்படி அடைக்கப்பட்ட எலிகளுக்கு, உடல் தன்னையே தாக்கும் வகை நோய் லேசாக வந்தது. அது லாபம். இன்ஃப்ளூயன்சா வைரஸையும் கொரோனா வைரஸையும் கொடுத்தபோது அவை மற்ற எலிகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டன. அது நஷ்டம். வைரஸோடு சண்டை போட வேண்டிய லிம்போசைட்டுகள் மஜ்ஜையில் பதுங்கியிருந்தால் வேறென்ன நடக்கும்? ஒரே இடமாற்றம் ஒரு நோய்க்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெட்டது. "எதிர்ப்பு சக்தி" என்ற ஒற்றைச் சொல்லில், கூடியது குறைந்தது என்று இதைச் சொல்ல வழியே இல்லை.

இது எலிச் செய்திதானே, நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். நம் ஊர் லேப்களில் தினமும் இதன் நிழல் விழுகிறது. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்து இழுத்துவிட்டு வியர்வையோடு ஒருவர் வந்து ரத்தம் கொடுத்தால் அவருடைய வெள்ளை அணு எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தவருக்கும், ஊசியைக் கண்டு வீறிட்டு அழுகிற குழந்தைக்கும் அப்படியே. பெரியவர்களுக்குக் கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு. 12,500 என்று ரிப்போர்ட் கையில் வந்ததும் "இன்பெக்‌ஷன் இருக்கு" என்று ஆன்டிபயாட்டிக் வாங்கக் கிளம்புகிறவர்கள் அநேகம். ரத்தம் கொடுப்பதற்கு முன் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். மறுபரிசோதனைக்குப் போனால் முதலில் கொடுத்த அதே நேரத்துக்குப் போங்கள். உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் காலை 8 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். லிம்போசைட்டுகள் அதற்கு நேர் எதிராக ஏறி இறங்கும். காலை ரிப்போர்ட்டையும் ராத்திரி ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இல்லாத நோய் தெரியும்.

எண்ணுகிற முறையிலேயே எவ்வளவு பிசகு நுழைய முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஆய்வுச் செய்தியில் வரும் "இரண்டு மடங்கு", "மூன்று மடங்கு" எல்லாம் இப்படி எண்ணி வந்தவையே. இப்போது பெரும்பாலும் மெஷின் எண்ணுகிறது. கையால் எண்ணுவதற்கான, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டான நியூபவர் சேம்பரில் கணக்கு இது: வெள்ளை அணு பிப்பெட்டில் 0.5 கோடு வரை ரத்தம், 11 என்ற கோடு வரை டர்க் திரவம். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பு அணுக்களை உடைத்துவிடும், ஜென்ஷியன் வயலட் வெள்ளை அணுவின் உட்கருவுக்கு நிறம் ஏற்றும். நீர்ப்பு 20 மடங்கு. தண்டில் நிற்கும் திரவத்தில் ரத்தம் கலந்திருக்காது, அதனால் முதல் சில துளிகளை வெளியே விட்டுவிட வேண்டும். சேம்பரை நிரப்பி 2 நிமிடம் படிய விட்டு, நான்கு மூலைச் சதுரங்களிலும் எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் 1 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கும் சேர்ந்து 0.4 கன மில்லிமீட்டர். எண்ணியதை 50ஆல் பெருக்கினால் கவுண்ட். 140 அணு எண்ணினால் 7,000.

அதாவது கண் தவறி ஓர் அணுவைச் சேர்த்து எண்ணினால் 50 ஏறும். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுக்களை நான்கு பக்கமும் சேர்த்துக்கொண்டால் இன்னும் ஏறும். இரண்டு பக்கக் கோட்டில் இருப்பவற்றை மட்டும் எடுத்து மற்ற இரண்டை விட வேண்டும். விரலைப் பிதுக்கி ரத்தம் எடுத்தால் திசுநீர் கலந்து கவுண்ட் இறங்கும்.

வகை பிரிப்பதில் இன்னும் ஒரு சிக்கல். ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிய படலமாக (ஸ்மியர்) இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி 2 நிமிடம் வைத்து, அதன்மேல் இரு மடங்கு பஃபர் நீர் சேர்த்து 7 முதல் 10 நிமிடம் விடுகிறோம். நீரின் பி.எச். 6.8 இருக்க வேண்டும். உப்பும் காரமுமான போர் தண்ணீரை ஊற்றினால் எல்லாம் நீலம் பாய்ந்து, எது எந்த அணு என்றே தெரியாது. ஸ்மியர் இழுக்கும்போது நியூட்ரோஃபில், மோனோசைட் போன்ற பெரிய அணுக்கள் ஓரத்துக்கும், படலம் முடியும் வால் நுனிக்கும் தள்ளப்படும், சின்ன லிம்போசைட்டுகள் நடுவில் தங்கும். வாலில் மட்டும் எண்ணுகிறவருக்கு நியூட்ரோஃபில் கூடும், உடம்பில் எதுவும் மாறாமலே! இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் 100 அணு எண்ணி 60 நியூட்ரோஃபில் என்று எழுதினால், உண்மை 50க்கும் 70க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இது புள்ளியியல், யாருடைய தப்பும் இல்லை. போன மாதம் 60, இந்த மாதம் 66, "எதிர்ப்பு சக்தி ஏறியிருக்கு" என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

எலியின் எண்களை மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில்தான் பெரும்பான்மை, 40 முதல் 70 சதவீதம். சுண்டெலியில் லிம்போசைட் பெரும்பான்மை, முக்கால் பங்குக்கு அருகில். கொஞ்சம் நியூட்ரோஃபில் வெளியே வந்தாலே அங்கே "பல மடங்கு" ஆகிவிடும். தவிர, எலி ராத்திரி விழித்திருக்கும் பிராணி. அதன் ஸ்டீராய்டு உச்சம் சாயங்காலம். கூண்டிலிருந்து கையில் தூக்கினாலே அது பதறும். தூக்கிய 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்காவிட்டால் ஸ்டீராய்டு அளவு ஏறத் தொடங்கிவிடும், அப்புறம் எது சோதனையின் விளைவு, எது தூக்கியதன் விளைவு என்று பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒளியால் தூண்டுவது என்பதையும் கட்டுரை "லேசர் அடித்தார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. கிளமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில் ஒளி பட்டால் திறக்கும் புரதக் கதவு ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி, மண்டையோட்டு எலும்புகள் கூடும் பிரெக்மா புள்ளியிலிருந்து அளந்து, குறித்த இடத்தில் குறித்த ஆழத்தில் செலுத்துகிறார்கள். புரதம் உருவாக இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு முடி போன்ற கண்ணாடி இழை வழியாக 470 நானோமீட்டர் நீல ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பினால் அந்த நரம்பணுக்கள் மட்டும் எழும். ஒட்டுமொத்த சுண்டெலி மூளையே அரை கிராமுக்கும் குறைவு. ஊசி கால் மில்லிமீட்டர் தவறினால் வேறு நரம்புத் திரள். ஒளியின் சூடே நரம்பை எழுப்பிவிடலாம். அதனால் கதவுப் புரதம் இல்லாமல் ஒளிரும் புரதம் மட்டும் ஏற்றிய எலிகளுக்கும் அதே ஒளியைக் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். கடைசியில் மூளையைச் சீவிப் பார்த்து, குறி தப்பிய எலிகளைக் கணக்கிலிருந்து நீக்குகிறார்கள். மனிதருக்கு இதைச் செய்வது நடக்கிற காரியமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். 2021இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் எலி மூளையின் இன்சுலா என்ற பகுதியில் குடல் அழற்சியின் "நினைவை" எழுப்பி, ஆறிய குடலில் அழற்சிக் குறிகளைத் திரும்ப வரவழைத்ததும் இதே மாதிரியான நுண்வேலைதான். அங்கே ஒளிக்குப் பதில் மருந்து.

இனி, கட்டுரையின் கடைசிப் பத்தி. மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைக் காதுவழியே தூண்டும் கருவிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். அதை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் விளம்பரத்தோடு சுற்றவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

வேகஸுக்கும் அழற்சிக்கும் தொடர்பு உண்டு. 2000இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ட்ரேசியின் குழு எலிகளில் வேகஸைத் தூண்டி, கிருமி நச்சால் ஏறும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைக் குறைத்துக் காட்டியது. அவர்கள் சொல்லும் பாதை, அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் மாறிப் போவது போன்றது. வேகஸ் வயிற்றில் ஒரு நரம்புத் திரளில் கைமாற்றுகிறது. அங்கிருந்து மண்ணீரல் நரம்பு நார்அட்ரினலினை வெளிவிடுகிறது. மண்ணீரலில் உள்ள ஒருவகை டி அணு (இதுவும் லிம்போசைட்தான்) அதை வாங்கி அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது, 2011இல் கண்டது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுவின் மேலுள்ள ஆல்ஃபா7 என்ற ஏற்பியில் அது பொருந்தியதும் டிஎன்எஃப் குறைகிறது. ஜங்ஷனில் பஸ் மாறுகிற அந்த முதல் கட்டத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் சோதனையில் வேகஸை வெட்டியபோது ஒன்றும் ஆகவில்லை, தண்டுவடப் பக்கமிருந்து வயிற்றுக்கு வரும் ஸ்ப்ளாங்க்னிக் நரம்பை வெட்டியபோதுதான் டிஎன்எஃப் எகிறியது. இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்றால்: 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்காகக் கழுத்தின் இடப்பக்க வேகஸில் அறுவை செய்து பொருத்தும் கருவி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. நாளுக்கு 1 நிமிடம் தூண்டும். ஊசி மருந்துகள் பலன் தராதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உரியது. 242 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டவர்கள் தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 35, கருவி பொருத்தியும் தூண்டல் கொடுக்காதவர்களில் 24. பலன் இருக்கிறது. நூற்றுக்கு 11 பேர் வித்தியாசம் என்ற அளவில் இருக்கிறது.

வாட்ஸ்அப் விளம்பரத்தில் வரும், காதில் மாட்டும் கிளிப் கருவியை இதன் தம்பி என்று சொல்லி விற்கிறார்கள். வேகஸின் ஒரு சிறு கிளை காதுக்கு வருவது உண்மைதான். காதுக்குள் பஞ்சுக்குச்சி விட்டால் சிலருக்கு இருமல் வருவது அந்தக் கிளையால். அது பரவியிருப்பது காதுத் துளையிலும், மடலுக்குள் இருக்கும் குழியின் மேல்பாதியிலும். விளம்பரப் படத்திலோ கிளிப், கம்மல் போடும் கீழ்நுனியில் மாட்டியிருக்கிறது. அந்த நுனிக்கு வருவது கழுத்துத் தண்டுவட நரம்பு. காதுத் தூண்டல் ஆய்வுகளில் கீழ்நுனியைப் பயன்படுத்துவது எதற்குத் தெரியுமா? பலன் இல்லாத போலித் தூண்டல் வேண்டும் என்று அங்கேதான் மாட்டுகிறார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அடிக்கடி மயங்கி விழுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி மின்கருவி எதையும் தொட வேண்டாம்.

இதைவிட அவசரமான ஒன்று. நம் பக்கத்தில் மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொட்டல மாத்திரை, பொடி வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் இருக்கிறது. வலி ஒரே நாளில் பறந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால், வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்து ஹைப்போதலாமஸ் சொந்த உத்தரவை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிப்போகும். அந்த நிலையில் "கருவி வாங்கியாச்சு, இனி மாத்திரை வேண்டாம்" என்று சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே வந்து நிற்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்கிற அளவில். ஸ்டீராய்டு எடுப்பவரின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் கூடியும் லிம்போசைட் குறைந்தும் தெரியும். அடைக்கப்பட்ட எலியின் ரத்தம் காட்டிய அதே படம்! லேபில் ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை, பொட்டலம் உட்பட, கூச்சப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 14,000 கவுண்ட்டைப் பார்த்து எங்கோ சீழ் பிடித்திருக்கிறது என்று தேட வேண்டிவரும்.

அறிவியல் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியில் எலியா மனிதரா, எத்தனை பேர், எந்த உறுப்பிலிருந்து எடுத்த அணுக்கள், தூண்டி எத்தனை நிமிடம் கழித்து எண்ணியது என்ற நான்கையும் முதல் பத்தியிலேயே கொடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். சென்ற வாரம் கால் பக்கத்துக்கு அச்சான அந்த "வெள்ளை அணுக்கள்" படத்தில் இருந்தவை, நடுவில் குழி விழுந்த, உட்கரு இல்லாத வட்டத் தட்டுகள். அவை சிவப்பு அணுக்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல், ரத்தப் பரிசோதனைத் துறைகளில் பணிபுரியும் சிலர்,
பாளையங்கோட்டை.